பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஸ்டெப்னி?

நாற்பது, ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் எஞ்சினை முடுக்கிக் கேட்பார், அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், சீட் தையலைத் தடவிப் பார்ப்பார். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி ஸ்டெப்னியைப் பார்ப்பவர் குறைவு. பார்த்தாலும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் தென்படும். பள்ளம் காலியாக இருக்கும்; அல்லது கார் பிறந்த வருஷத்திலிருந்து தரையையே தொடாமல் வெடித்துப்போன டயர் ஒன்று கிடக்கும்; அல்லது முன்பு வைத்திருந்தவர் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட வேறு காரின் சக்கரம் இருக்கும். மூன்றாவதுதான் ஆபத்து. பள்ளம் காலி என்றால், ஸ்டெப்னி இல்லை என்றாவது தெரிந்துவிடும்.

நட்டு ஏறிவிட்டால் சக்கரம் பொருந்திவிட்டது என்பது பொதுவான நினைப்பு. நட்டு ஏறுவது முதல் படி. அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. மற்ற சக்கரங்களோடு சேர்ந்து இது எந்தக் கணக்கில் சுழலும், பிரேக்கில் இடிக்குமா, எந்த நட்டு வேண்டும், ரப்பருக்கு என்ன வயது, கழற்றிய பஞ்சர் சக்கரத்தை எங்கே வைப்பது? இவற்றுக்கெல்லாம் அந்தக் காலத்தில் தொழிற்சாலையே ஒரு விடை கொடுத்திருந்தது. பல கார்களில் அந்த விடை இன்று செல்லாது. வண்டி வைத்திருப்பவர்தான் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வண்டியின் ஆரம்ப நாட்களில் மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடே கிடையாது. பஞ்சரானால் சாலையோரம் உட்கார்ந்து, சக்கரம் வண்டியில் இருந்தபடியே டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி ஏற்ற வேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரங்களே இல்லாத வெறும் ரிம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்விகளால் பூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். நம் ஊர் லாரி ஓட்டுநர் இன்றும் சொல்லும் பெயர் அந்தத் தெருவினுடையதுதான். இரண்டு வருஷம் கழித்து லெ மான்ஸ் அருகே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் ஃபெரென்க் சிஸ் ஓட்டிய ரெனோ காரில் மிஷெலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டும் ரிம்கள் இருந்தன. அந்த வசதி இல்லாதவர்கள் பழைய டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை ஏற்றிக்கொண்டிருக்க, அவர் சில நிமிடங்களில் வேலையை முடித்துக் கிளம்பினார், பந்தயத்தையும் வென்றார். அதே பத்தாண்டின் கடைசியில் கவென்ட்ரியின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் முழுச் சக்கரத்தையுமே ஒற்றை நட்டால் கழற்றும் ஹப்பைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் கம்பிச் சக்கரம் அந்த வழி வந்தது.

கம்பிச் சக்கரத்திலிருந்தே தொடங்கலாம். சிக்கல் அதிகம் அங்கேதான். எம்.ஜி.பி., ஜாகுவார் ஈ-டைப், ஆஸ்டின்-ஹீலி போன்றவற்றில் ஹப்பின் மேல் நெடுக்குப் பற்கள் வெட்டியிருக்கும். சக்கரத்தின் நடுத்துளையில் அதற்கு இணையான பற்கள். சக்கரத்தைச் செருகி, நடுவில் ஒரே நட்டை முறுக்கி, அதன் காதுகளைச் செப்புச் சுத்தியலால் நாலு அடி அடித்தால் வேலை முடிந்தது. காரின் இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் எதிர்மரை. வண்டி முன்னோக்கி ஓடும்போது நட்டு தளராமல் இறுகுவதற்கான ஏற்பாடு. மரை ஹப்பில் இருக்கிறதே தவிர சக்கரத்தில் இல்லை என்பதால், ஒரே ஸ்டெப்னி இரண்டு பக்கத்துக்கும் ஆகும்.

ஆனால் எம்.ஜி.பி. இரண்டு வகையில் விற்கப்பட்டது. கம்பிச் சக்கரம் உள்ளது ஒன்று, நான்கு நட்டு போட்ட எஃகுச் சக்கரம் உள்ளது இன்னொன்று. பின் ஆக்சிலின் அகலமே இரண்டுக்கும் வேறு. ஆகவே கம்பிச் சக்கர வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று எஃகு ஸ்டெப்னியை வாங்கிப் போட வழியில்லை. மரையிலும் வித்தியாசம் உண்டு. எம்.ஜி. கார்களில் அங்குலத்துக்கு 12 சுற்று உள்ள மரையும் 8 சுற்று உள்ள மரையும் இருக்கின்றன. நட்டு மாறிப்போனால் முதல் சுற்றிலேயே ஹப் மரை சேதமாகிவிடும். அமெரிக்கா 1968 முதல் சக்கரத்திலிருந்து துருத்தும் காதுகளைத் தடை செய்ததால், அங்கே போன வண்டிகளில் காதில்லாத நட்டு இருக்கும். அதற்குத் தனி ஸ்பேனர் வேண்டும். ஸ்டெப்னியைத் தேடி அலைந்து வாங்கிவிட்டு அந்த ஸ்பேனரை மறந்தவர், சாலையோரத்தில் ஸ்டெப்னியே இல்லாதவருக்குச் சமம்.

பழைய கம்பிச் சக்கரத்தை வாங்கும்போது கண்ணைவிடக் காது உதவும். சிறு ஸ்பேனர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது ‘டொக்’ என்று செத்த சத்தம் தரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். பக்கம் பக்கமாக நான்கைந்து தளர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் எப்போதோ நடைபாதை விளிம்பில் மோதியிருக்கிறது. அடுத்து நடுத்துளையின் பற்களை விரலால் தடவ வேண்டும். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கூர்முனையாகி விரலைக் குத்தும். ஹப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தாலும், வண்டியை முன்னும் பின்னும் மாற்றி நகர்த்தும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தாலும் தேய்மானம்தான். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தைப் போட்டால் புதுச் சக்கரமும் விரைவில் கெடும். இதைச் சொல்லாமல் சக்கரத்தை மட்டும் விற்பவர்கள் நிறைய.

ரிம்மைத் துளைத்துக்கொண்டு கம்பிகளின் தலைகள் உள்ளே வருவதால், அந்தக் காலக் கம்பிச் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம். பஞ்சர் ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகுவதோ, டயருக்குள் பசைநீரைப் பீய்ச்சுவதோ டியூப்லெஸ் டயருக்கான வைத்தியம். கிழிந்த டியூபிடம் அது பலிக்காது. ஆகவே ‘ஸ்டெப்னி எதற்கு, கிட் போதும்’ என்ற இன்றைய வாதம் இந்த வண்டிகளைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லாதது. புதுக் கம்பிச் சக்கரம் கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை என்பது ஆறுதல். டன்லப் தொழில்நுட்ப உறவோடு தொடங்கிய, சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனமும் பழைய கார்களுக்கான கம்பிச் சக்கரங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிவந்திருக்கிறது.

நட்டு போடும் சக்கரங்களுக்கு வருவோம். துளைகளின் நடுவை இணைத்து வரையும் வட்டத்தின் விட்டம்தான் பி.சி.டி. எம்.ஜி.பி., டிரையம்ஃப் டி.ஆர்.6, டாட்சன் 240இசட் மூன்றுக்கும் நான்கு துளை, 114.3 மி.மீ. ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் ஏறிவிடும். ஏறினால் ஓடும் என்று அர்த்தமில்லை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1962-ல் ஹெரால்டின் அடிச்சட்டத்தின் மேல் எழுந்த கார், இரண்டுக்கும் 95.25 மி.மீ., இரண்டுக்கும் 13 அங்குலம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டின் சொந்தக்காரன்தான் இந்த ஸ்பிட்ஃபயர். குடும்பம் ஒன்றாக இருக்கும்போது தேடல் சுலபமாகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரம் என்று கேட்டால் விலை ஏறும். அதன் சாது அண்ணனின் சக்கரம் என்று கேட்டால் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும்.

ஏறக்குறைய பொருந்துகிறவைதான் ஆளை ஏமாற்றும். எம்.ஜி. மிட்ஜெட்டின் பி.சி.டி. 101.6 மி.மீ. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் 100. ஃபியட் 124 ஸ்பைடரும் எக்ஸ்1/9-ம் 98. ஒன்றரை, இரண்டு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முதல் நட்டு சுகமாக ஏறும், எதிர்ப்பக்கத்து நட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஸ்பேனரின் மேல் ஏறி மிதித்தால் அதுவும் இறங்கிவிடும். சக்கரம் நடுவில் உட்காராமல், ஸ்டட்கள் வளைந்தபடி இழுபட்டு நிற்கும். சுற்றுக்கு ஒருமுறை அந்த வளைவு நிமிர்ந்து மடங்க, நட்டு தளரும் அல்லது ஸ்டட் முறியும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது: கைவிரலால் கடைசிவரை ஏறாத நட்டு அந்தச் சக்கரத்துக்கு உரியதல்ல.

பி.சி.டி. அச்சாகப் பொருந்தியும் ஏமாறலாம் என்பதற்கு போர்ஷே 944 நல்ல உதாரணம். ஐந்து துளை, 130 மி.மீ., எல்லா வருஷமும் ஒன்றே. ஆனால் சக்கரம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்ற ஆஃப்செட் அளவை 1987 மாடலிலிருந்து மாற்றிவிட்டார்கள். முந்தைய 7 அங்குல அகலச் சக்கரத்தில் 23.3 மி.மீ.; பிந்தையதில் 52.3. பிந்தைய சக்கரத்தை முந்தைய காரில் பூட்டினால் 29 மி.மீ. உள்ளே புகுந்து ஷாக் அப்சார்பரை நெருங்கும். முந்தையதைப் பிந்தைய காரில் பூட்டினால் அதே அளவு வெளியே நீட்டி மட்கார்டை உரசும். துளை, விட்டம், அகலம், கம்பெனி முத்திரை எல்லாம் ஒன்றாக இருந்தும் சக்கரம் வேறு. இந்த எண் பெரும்பாலும் சக்கரத்தின் உட்புறத்தில் ‘ஈ.டி.’ என்ற எழுத்துகளோடு வார்க்கப்பட்டிருக்கும். திருப்பிப் பார்க்காமல் காசை எடுக்கக் கூடாது.

பிரேக்கும் நட்டும் சேர்ந்து கெடுக்கும் காரியம் ஒன்று உண்டு. பழைய காரை மெருகேற்றுகிறவர்கள் முதலில் மாற்றுவது பிரேக்கைத்தான். பெரிய காலிப்பர் போட்டு, அதைத் தாண்டுகிற அலாய் வீல் நான்கு வாங்கிவிடுவார்கள். டிக்கியில் கிடக்கும் தொழிற்சாலை எஃகுச் சக்கரத்தை யாரும் நினைப்பதில்லை. முன்சக்கரம் பஞ்சராகிறபோதுதான் அதன் உட்புறம் காலிப்பரில் இடிப்பது தெரியவரும். இடிக்காவிட்டாலும் நட்டு சதி செய்யும். அலாய் வீலுக்கு நீண்ட கழுத்துள்ள நட்டு, எஃகுக்குக் கூம்பு முகமுள்ள நட்டு, போர்ஷே போன்றவற்றுக்குக் கோள முகமுள்ள நட்டு. ஒன்றின் நட்டு இன்னொன்றின் துளையில் சரியாக உட்காராது. எஃகு ஸ்டெப்னி வைத்திருப்பவர் அதற்குரிய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி அந்தச் சக்கரத்தோடேயே வைத்திருக்க வேண்டும்.

இனி உயரம். சக்கரம் 14 அங்குலம் என்றால் அது ரிம்மின் அளவு. டயரோடு சேர்ந்த உயரம் வேறு. எம்.ஜி.பி.க்கு அந்தக் காலத்து 165 ஆர் 14 டயர் போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 626 மி.மீ. வரும். அதே ரிம்மில் இன்று எளிதாகக் கிடைக்கிற 175/70 ஆர் 14 போட்டால் 601. முதலாவது கிலோமீட்டருக்குச் சுமார் 508 சுற்று சுழலும், இரண்டாவது 530. ஒரே ஆக்சிலில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் இன்னொன்றும் இருந்தால், நேர்சாலையிலும் வண்டி ஓயாமல் வளைவில் திரும்புவதாகவே டிஃபரன்ஷியல் எடுத்துக்கொள்ளும். சாதாரண டிஃபரன்ஷியல் இதைச் சில பத்துக் கிலோமீட்டர் பொறுத்துக்கொள்ளும். இரு சக்கர வேக வித்தியாசத்தை அடக்குவதற்கென்றே செய்யப்பட்ட லிமிடெட் ஸ்லிப் வகை பொறுக்காது. உள்ளிருக்கும் தகடுகள் உரசிச் சூடேறிக்கொண்டே இருக்கும்.

1989-ல் வந்து இப்போது பழைய கார் வரிசையில் சேர்ந்துவிட்ட மஸ்டா எம்.எக்ஸ்-5-ன் சின்ன ஸ்டெப்னியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலைச் சக்கரம் 185/60 ஆர் 14, விட்டம் 578 மி.மீ. ஸ்டெப்னி 115/70, அதே 14 அங்குலம்; விட்டம் 517. பத்து சதவீதத்துக்கு மேல் குள்ளம். பின்சக்கரம் பஞ்சரானால், நல்ல முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே போட்டு, குள்ளனை முன்னே மாட்டுவதே முறை. இரண்டு தடவை ஜாக்கி ஏற்ற வேண்டும், வேர்க்கும், டிஃபரன்ஷியல் பிழைக்கும்.

ஃபெராரி இதை அழகாகத் தீர்த்தது. 308-ன் சாலைச் சக்கரங்கள் 14 அங்குலம், ஸ்டெப்னியோ 18 அங்குலம். சைக்கிள் சக்கரமோ என்று தோன்றும் அளவுக்கு ஒல்லியான 105 ஆர் 18 மிஷெலின் டயர் அதில். ரிம்மைப் பெரிதாக்கி டயரை ஒல்லியாக்கியதால் மொத்த உயரம் கிட்டத்தட்ட பெரிய சக்கரத்தின் அளவுக்கே வந்துவிட்டது. முன்னே உள்ள குறுகிய இடத்திலும் அடங்கியது. அளவெடுத்துச் சிந்தித்த ஸ்டெப்னி என்று நான் இதைத்தான் சொல்வேன். அகலமான டயர் போட்ட எந்தப் பழைய காருக்கும் இதே சூத்திரம் செல்லும். தன் காரின் பி.சி.டி. உள்ள பிற்காலக் கார்களின் ஒல்லி ஸ்டெப்னிகளில், 15, 16, 17 அங்குலம் என்று பார்த்துக்கொண்டே போனால், உயரம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துவருகிற ஒன்று அகப்படக்கூடும். நடுத்துளையும் ஆஃப்செட்டும் காலிப்பர் இடைவெளியும் சரியா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 80 கி.மீ. என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அலங்காரத்துக்கு அல்ல.

மடங்கும் ஸ்டெப்னி இன்னொரு வழி. 1967-ல் பான்டியாக் ஃபயர்பேர்டில் பி.எஃப். குட்ரிச் கொண்டுவந்தது. காற்றில்லாமல் ரிம்மோடு ஒட்டி மடிந்து கிடக்கும். வேண்டும்போது புட்டிக் காற்றை அடித்து எழுப்ப வேண்டும். 1970-களின் நடுவிலிருந்து போர்ஷே 911-லும் இந்த வகை வந்தது; கூடவே 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரசரும். இட நெருக்கடிக்கு அருமையான யோசனை. ஆனால் நாற்பது வருஷம் மடிந்த நிலையிலேயே கிடந்த ரப்பர் அந்த மடிப்பிலேயே வெடித்திருக்கும். அதற்குக் காற்றடிக்கும்போது பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியமில்லை. காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிஷெலினின் டி.ஆர்.எக்ஸ். கதை இதைவிடக் கசப்பு. 1975-ல் அறிமுகமான இந்த முறையில் ரிம் அளவு அங்குலத்தில் இல்லை, மி.மீ.யில்: 390, 415 என்று. 390 மி.மீ. என்றால் 15.35 அங்குலம், 15 அங்குல டயர் ஏறாது, 16 நிற்காது. பி.எம்.டபிள்யூ., ஃபெராரி, ஆல்பீன் எல்லாம் ஆசையாகப் போட்டன. உலகம் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. இன்று இந்த டயர்கள் பழைய கார்க்காரர்களுக்காகவே குறைந்த அளவில் தயாராகி, கையைச் சுடும் விலைக்கு விற்கின்றன. ஆகவே நான்கு சாலைச் சக்கரத்தையும் அங்குல ரிம்முக்கு மாற்றிவிட்டு, டிக்கியில் மட்டும் பழைய டி.ஆர்.எக்ஸை விட்டுவைப்பவர்கள் உண்டு. உயரம் பொருந்துகிறதா என்று அளந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

ஈ-டைப்பில் வேறு மாதிரி. 1961-ல் அது டன்லப் ஆர்.எஸ்.5 என்ற கிராஸ்பிளை டயரோடு வந்தது. சாலைச் சக்கரங்கள் எப்போதோ ரேடியலுக்கு மாறியிருக்கும்; பழசு ஒன்று டிக்கியின் அடியில் அப்படியே தூங்கும். ரேடியலும் கிராஸ்பிளையும் ஒரே ஆக்சிலில் கலந்தால் வளைவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுக்கும். பிரிட்டனில் அது சட்டப்படியே குற்றம். கண்காட்சி நடுவர்கள் பழைய டன்லப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சாலையில் அதை நம்ப முடியாது. காட்சிக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

டயரின் வயதைப் பக்கவாட்டில் படிக்கலாம். 2000-க்குப் பிறகு தயாரானதில் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு. பட்டை முழுசாக இருக்கிறதே என்று மயங்குகிறவர்கள்தான் அதிகம். ஓடாமல் கிடந்த ரப்பர் தேயாது, உலர்ந்து இறுகும். ஸ்டெப்னிக்கு இது மற்ற டயரைவிடக் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் அதை யாரும் மாற்றுவதில்லை.

ஸ்டெப்னியே வேண்டாம் என்ற கட்சியும் வலுத்துவருகிறது. 1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் காற்றில்லாமலும் ஓடும் டயர்களைப் போட்டு ஸ்டெப்னியைக் கைவிட்டது. இந்தியாவிலும் 2020 முதல், டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பழுதுபார்க்கும் கிட்டும் உள்ள பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதிய காருக்குச் சரி. பழைய காருக்கு வேண்டிய அளவு டயர் வழியில் இருக்கும் எந்தக் கடையிலும் இருக்காது என்பதால், இழுவை வண்டியில் ஏறி வீடு திரும்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எதை வாங்குவது? பள்ளம் இடம் கொடுத்தால், சாலையில் ஓடும் அதே சக்கரம், அதே டயர், ஐந்தாவதாக ஒன்று. விலை கூடுதல்தான், ஆனால் மேலே சொன்ன அத்தனை கேள்வியும் ஒரே அடியில் தீர்ந்துவிடும், ஐந்தையும் சுழற்சியில் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தையும் சமமாக வைக்கலாம். முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் உள்ள கார்களில் இது நடக்காது. அங்கே ஃபெராரி வழியில் ஒல்லியும் உயரமுமாகத் தேட வேண்டும். தொழிற்சாலை எஃகுச் சக்கரம், பிரேக்கை மாற்றாத வண்டிக்கு மட்டும்.

எதை வாங்கினாலும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு நான்கு மூலையிலும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். முன்னே மாட்டி ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். கையால் சுழற்றி எங்காவது உரசுகிறதா என்று கேட்க வேண்டும். கழற்றிய பெரிய சக்கரத்தை அந்தப் பள்ளத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். மடங்கும் ஸ்டெப்னிக்கென்று செய்த 911-ன் முன்பள்ளத்தில் அதன் பின்சக்கரம் அடங்காது. சீட்டுக்குப் பின்னால் ஸ்டெப்னி நிற்கும் ஃபியட் எக்ஸ்1/9-ல் அகலமான டயர் நுழையாது. இரண்டே சீட் உள்ள காரில் மிச்சமிருப்பது பக்கத்து சீட்தான். அழுக்குச் சக்கரத்தை மூட ஒரு பெரிய தார்ப்பாலின் பையும், பக்கத்து சீட்காரருக்குப் பேருந்துக் கட்டணமும் டிக்கியில் இருக்கட்டும்.